மேகத்தின் அடி

1959 அக்டோபர் 12

கோலப்பன் இன்று லீவில் போனார். மஞ்சள் காமாலை. டிசம்பர் நடுவில்தான் திரும்புவார். அதுவரை இந்த வேம்பனூர் விமானத்தளத்தில் வானிலை பார்க்க நான் ஒருவன்தான். ரேடியோ அறையில் மிராண்டா இருக்கிறார். நாளுக்கு ஒரு விமானம், சென்னையிலிருந்து மதுரை வழியாக. அது வந்து போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஓடுபாதையில் மேயும் ஆடுகள்தான்.

"தனக்குத்தானே பேசிக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்கிய. அதை எழுதியாவது வையுங்க," என்றாள் உலகம்மாள். போன வருஷத்து டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

மழைக்காலம் தொடங்கப்போகிறது. மழைக்காலத்தில் என் வேலைகளில் ஒன்றுதான் முக்கியம்: மேகத்தின் அடி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று சொல்வது. சின்ன சிவப்பு பலூன் ஒன்றில் அளவாக ஹைட்ரஜன் அடைத்து விட்டால் நிமிடத்துக்கு ஐநூறு அடி ஏறும். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்க வேண்டும். பலூன் மேகத்துக்குள் மறையும்போது பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்கு. மிராண்டா அதை ரேடியோவில் விமானிக்குச் சொல்வார். அறுநூறு அடிக்குக் கீழே என்றால் இங்கே இறங்கக் கூடாது, மதுரைக்கே திரும்பிவிட வேண்டும்.

பதினேழு வருஷமாகச் செய்கிற வேலை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பார்வையும் பொறுமையும் போதும்.

புதிய பலூன் பெட்டி வந்திருக்கிறது. சிவப்பு போதாது. மழையில் ஊறிய செங்கல் மாதிரி மங்கலாக இருக்கிறது. சென்னைக்கு எழுத வேண்டும்.

அக்டோபர் 19

விடாத மழை. காலையில் சற்று ஓய்ந்ததும் பலூன் விட்டேன். நானூறு அடி. விமானம் மேகத்துக்கு மேலே எங்கோ இரைந்துவிட்டு மதுரைக்குத் திரும்பிப் போனது.

குவார்ட்டர்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மத்தியானம் சாப்பிடப் போனேன்.

"இன்னைக்குப் பலூன் ரொம்ப நேரம் தெரிஞ்சுதே?" என்றாள் உலகம்மாள், சோறு போட்டுக்கொண்டே.

"நீ எங்க பாத்த?"

"கொல்லையில துணி போட்டுக்கிட்டு நின்னேன். நீங்க கடிகாரத்தைப் பையில போட்டுட்டு உள்ள போயிட்டிய. நான் வேட்டியைப் பிழிஞ்சு உதறி, சேலையை விரிச்சு... அப்பவும் பொட்டு மாதிரி தெரிஞ்சுது."

"பறவையா இருக்கும்."

"செவப்புப் பறவையா?"

மேகம் என்பது கூரை அல்ல. கந்தல் கந்தலாகத் தொங்கும், நடுவில் ஓட்டைகள் இருக்கும். அவள் நின்ற இடத்திலிருந்து ஓர் ஓட்டை வழியாகத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் அவளுக்கு விளக்க முடியாது. குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 24

கிணற்றடி பல்பைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. மட்டமான பல்பு. மாற்ற வேண்டும்.

அக்டோபர் 29

மனசு சரியில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மிராண்டாவின் தகப்பனார் மூன்று நாளாக நினைவு வந்தும் போயும் கிடக்கிறார். சென்னையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மூத்த மகள் செலினைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். தந்தி போய், அந்த அம்மாள் இன்றைய விமானத்தில் புறப்பட்டு வந்தார். காலையிலிருந்து மிராண்டா ஹெட்போனைக் கழற்றவில்லை.

பலூன் விட்டேன். முந்நூற்றைம்பது அடி.

"அண்ணாச்சி, இன்னொருக்கா பாருங்களேன்," என்றார். "அக்கா அதுலதான் வருது."

இன்னொன்று விட்டேன். அதே அளவுதான் வந்தது. சீட்டை அவரிடம் நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு மைக்கை எடுத்து, மற்ற நாட்களில் சொல்வது போலவே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். தலைக்கு மேல் சத்தம் ஒரு சுற்று சுற்றியது. பிறகு வடக்கே போய்த் தேய்ந்தது.

"பஸ்ஸுல வந்துரும்," என்றார் மிராண்டா.

நான் பார்த்ததைத்தான் எழுதினேன். பார்க்காததை எழுத எனக்கு அதிகாரம் இல்லை.

அக்டோபர் 31

ஆற்றுப் பாலத்தின் மேல் வெள்ளம் போனதால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். செலின் அம்மாள் வந்து சேர்வதற்குள் பெரியவர் போய்விட்டார். நேற்று சாயங்காலம் அடக்கம். நானும் உலகம்மாளும் போயிருந்தோம். அந்த அம்மாள் அழவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நனைந்த செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

மிராண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேகத்தை யாரு என்ன செய்ய முடியும், அண்ணாச்சி," என்றார். அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

திரும்பி வரும் வழியில் உலகம்மாள் கேட்டாள்: "அன்னைக்கு வானம் அவ்வளவு தாழவா இருந்துச்சு?"

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன். ரேஷன் கடையில நின்னேன். அதான் கேக்கேன்."

குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 3

உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. விமானம் போன பிறகு ஓடுபாதையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பையை இடது கண்ணால் பார்த்தேன், பிறகு வலது கண்ணால் பார்த்தேன். வலது கண்ணில் தூசி விழுந்திருக்கிறது போல. பாலில் நனைத்த துணி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இடது கண்ணிலும் கொஞ்சம் தூசி.

பன்னீர் விட்டேன். எரிந்தது.

ஜனவரியில் வருஷாந்திர வைத்தியப் பரிசோதனை.

நவம்பர் 9

ஒரு தெளிவு கிடைத்திருக்கிறது.

எந்தக் கருவியும் நூற்றுக்கு நூறு சரியாகக் காட்டாது. காற்றழுத்தமானியில் வாசித்த எண்ணை அப்படியே எழுதுகிறோமா? இல்லை. இந்தக் கருவி இவ்வளவு குறைத்துக் காட்டும் என்று தெரிந்துகொண்டு அதைக் கூட்டித்தான் எழுதுகிறோம். அதற்குப் பெயர் திருத்தம். அது பொய் இல்லை, முறை. இந்தப் புதிய பலூன்கள் நிறம் மங்கியவை, சீக்கிரம் மறைகின்றன. அதற்கும் ஒரு திருத்தம் போட்டால் என்ன?

இன்று விமானம் வராத நேரத்தில் மேகம் நல்ல உயரத்தில் இருந்தபோது மூன்று பலூன்கள் விட்டேன். உலகம்மாளைக் கொல்லையில் நிற்கச் சொல்லி, மறைந்ததும் குரல் கொடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சோதனை என்றேன். அவள் குரல் என் கடிகாரத்துக்குப் பிறகு வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. மூன்று முறையும்.

அந்த வித்தியாசத்தில் பாதிக்குமேல் கூட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். முழுதும் வேண்டாம். ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

நவம்பர் 16

ஒரு வாரமாக ஒரு விமானமும் திரும்பிப் போகவில்லை. தபால் நாள் தவறாமல் வருகிறது. கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார். "இந்த வருஷம் மழை நல்ல மழைங்க, ப்ளேனைத் தடுக்கல," என்றார். மிராண்டாகூடச் சிரித்தார். தகப்பனார் போன பிறகு முதல் முறை.

எல்லாம் சரியாகத்தான் போகிறது. ஆனால் சீட்டை மிராண்டாவிடம் கொடுப்பதற்கு முன் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்க்கிறேன். முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. விமானம் இறங்கி நின்று, எஞ்சின் சத்தம் அடங்கிய பிறகுதான் நாற்காலியில் உட்காருகிறேன்.

நவம்பர் 23

இரண்டு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

காலையில் சாம்பல் நிறத்தில் ஒரே மூட்டம். பலூன் விட்டேன், பார்த்தேன், மேகம் உயரத்தில் இருந்த அன்று அளந்த அதே திருத்தத்தைக் கூட்டினேன். எழுநூறு. மிராண்டா சொன்னார். விமானம் மேகத்துக்குள் இறங்கத் தொடங்கியது. சத்தம் கிட்டத்தில் வந்தது. மேலும் கிட்டத்தில் வந்தது. ஆனால் உருவம் வெளிப்படவில்லை. திடீரென்று எஞ்சின் இரண்டும் அலறின. மிராண்டா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். "மாதாவே! மில்லுப் புகைபோக்கி!" என்று கத்தினார்.

நான் ஒன்றையும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சத்தம் மேலே ஏறிப்போனது.

ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, மேகம் விலகிய பிறகு இறங்கினார்கள். கேப்டன் முத்தண்ணா நேராக என் அறைக்கு வந்தார். குடகுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். இன்று ஆங்கிலத்தில் சத்தமாகவே கேட்டார்: "எழுநூறு என்று யார் சொன்னது? முந்நூறில்கூட எனக்குத் தரை தெரியவில்லை."

"கடல் பக்கமிருந்து கீழ்மேகம் திடீரென்று வந்துவிட்டது," என்றேன்.

அப்படியும் நடப்பதுண்டு. அவருக்கும் அது தெரியும். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி," என்றார்.

மத்தியானம் உலகம்மாள் சாப்பாடு எடுத்துவைக்கவில்லை. அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ப்ளேன் நம்ம வீட்டுக்கு மேலதான் போச்சு. வேப்பமரம் ஆடிப்போச்சு. ஜன்னல்ல ஒரு பிள்ளை முகம் தெரிஞ்சுது எனக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து தட்டு எடுத்து வந்தாள்.

நவம்பர் 24

கோலப்பன் சீக்கிரம் வந்தால் நல்லது.

நவம்பர் 30

திருத்தத்தைக் கூட்டாமல் மூன்று நாள் எழுதினேன். மூன்று நாளும் விமானம் திரும்பிப் போனது. கூட்டினால் ஒரு பயம், கூட்டாவிட்டால் ஒரு பயம். தெற்கே புயல் சின்னம் என்று மிராண்டா சொல்கிறார். கதவு ஆடினால்கூடத் தூக்கிவாரிப்போடுகிறது.

டிசம்பர் 4

பத்து மணிக்கு மிராண்டா கூப்பிட்டார். குரலே சரியில்லை. "அண்ணாச்சி, மதுரை மூடியாச்சு. அங்க மழையில ஒண்ணும் தெரியலியாம். ப்ளேன் நம்மளை நம்பித்தான் வருது. திருச்சிக்குத் திரும்பிப் போக எண்ணெய் பத்துமான்னு கேட்டேன். கேப்டன் பதில் சொல்லல. நம்ம உயரத்தைத்தான் கேக்காரு."

"எத்தனை பேர்?"

"இருபத்தொண்ணு."

கொட்டகைக்குப் போய்ப் பலூனில் ஹைட்ரஜன் அடைத்தேன். கழுத்தைக் கட்டும்போதுதான் உறைத்தது. என் கடிகாரம் ஏதோ ஓர் எண்ணில் நிற்கும். அதை அப்படியே சொன்னால் அவரைத் திருச்சிக்குத் துரத்துகிறேன், வழியில் எண்ணெய் தீரலாம். கூட்டிச் சொன்னால் புகைபோக்கிக்கு அனுப்புகிறேன். என்னிடம் இருந்த இரண்டு எண்ணுமே உண்மை இல்லை.

பலூனைப் பிடித்துக்கொண்டே வேலிக்கு ஓடினேன். "உலகு! உலகு! ஓடி வா!"

அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை இட்லி மாவோடு வந்தாள். முள்கம்பியைத் தூக்கிப் பிடித்தேன், குனிந்து நுழைந்தாள்.

"இதை விடப்போறேன். கண்ணை எடுக்காம பாரு. மேகத்துக்குள்ள முழுசா போனதும் கையைத் தட்டு."

"ஏன், நீங்க?"

"எனக்குத் தெரியல, உலகு," என்றேன். "கண்ணு தெரியல."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாந்தாள்.

விட்டேன். கொஞ்ச நேரம் ஒரு சிவப்பு எனக்கும் தெரிந்தது. பிறகு சாம்பலில் கரைந்துவிட்டது. அதன் பிறகு நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைத்துளி கண்ணில் விழுந்தும் அவள் இமைக்கவில்லை. "இருக்கு," என்றாள். "இருக்கு... இந்தா மங்குது... இல்ல, இருக்கு... இருக்கு..." என் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. என் கணக்கில் எப்போதோ நின்றிருக்க வேண்டிய கடிகாரம்.

கை தட்டினாள். மாவு என் சட்டையில் தெறித்தது.

எழுநூற்று ஐம்பது. நம்பாமல் இன்னொரு பலூன் விட்டேன். எழுநூறு. குறைந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். "எழுநூறு, மிராண்டா. எதையும் கூட்டல, குறைக்கல. அப்படியே சொல்லுங்க."

கூட்டல, குறைக்கல என்று நான் சொன்னதை அவர் கவனித்தார். ஆனால் மைக்கை எடுத்துச் சொன்னார்.

வெளியே வந்து உலகம்மாள் பக்கத்தில் நின்றேன். சத்தம் வட்டமடித்து இறங்கியது. புகைபோக்கிப் பக்கம் போனது. திரும்பியது. அவள் என் மணிக்கட்டை மாவுக் கையோடு பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டு!" என்றாள். "வெளிய வந்துட்டு! நல்ல உயரத்துலதான் வருது!"

ஓடுபாதையில் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஓடும்போதுதான் எனக்கு விமானம் தெரிந்தது.

கேப்டன் முத்தண்ணா நனைந்துகொண்டே வந்தார். ரேடியோ அறையில் நாங்கள் மூவரும் நின்றோம். உலகம்மாள் கதவுக்கு வெளியே நின்றாள்.

"இன்று நீங்கள் சொன்ன இடத்திலேயே மேகம் முடிந்தது," என்றார். "அன்றைக்கு மட்டும் ஏன் அப்படி?"

கீழ்மேகம் என்று மறுபடி சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது.

"இன்று பார்த்தது நான் இல்லை," என்றேன். "என் மனைவி."

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அன்றைக்கு?"

"அன்றைக்கு நான்."

அவர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். "இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்," என்றார்.

"எழுதுங்கள்."

அவர் போன பிறகு மிராண்டா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எந்த நாளை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 5

சென்னைக்கு நானும் தந்தி கொடுத்துவிட்டேன். திருச்சியிலிருந்து ஒருவரை உடனே அனுப்புகிறார்கள். எனக்குக் கண் பரிசோதனை முடியும்வரை லீவு. பிறகு என்ன வேலை என்பதைப் பிறகு சொல்வார்களாம்.

இன்று உலகம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியளா? டம்ளரை இங்க வச்சா அங்க தடவுதிய. அரிசியில கல்லு கிடந்தா உங்களுக்குப் பல்லுல பட்டாத்தான் தெரியுது. ஆனி மாசமே தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"ஆம்பளை மனசு நோகுமேன்னு இருந்தேன். நான் செஞ்ச தப்பு அதுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நமக்குள்ள மறைச்சு விளையாடலாம். ப்ளேன்ல உக்காந்திருந்தவங்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

காபி ஆறிப்போனது. குடித்தேன்.

டிசம்பர் 9

டவுன் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது முற்றிவிட்டது. நாற்பத்து நாலு வயதுக்கு இது அபூர்வம், ஆனால் வரும் என்றார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். உரித்து எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டால் நடமாடலாம், படிக்கலாம் என்றார். பலூன் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 11

நாளை மதுரைக்குப் புறப்பட வேண்டும். ஒரு வேலை பாக்கி இருந்தது. உலகம்மாளிடம் சொன்னேன். "நானும் வாரேன்," என்றாள்.

மாதா கோயிலை ஒட்டிய தெருவில் மிராண்டாவின் வீடு. நாற்பதாம் நாள் பூசைக்காகத் தங்கிய செலின் அம்மாள் இன்னும் சென்னைக்குத் திரும்பவில்லை. மிராண்டா கதவைத் திறந்தார். இந்த ஒரு வாரமாக என்னிடம் பேசாதவர், "வாங்க," என்று மட்டும் சொல்லி ஒதுங்கி நின்றார். தகப்பனாரின் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி எரிந்தது. அதைச் சுற்றி வளையம்.

செலின் அம்மாள் நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, நீங்க வந்த அன்னைக்கு மேகம் முந்நூற்றைம்பது அடின்னு சொன்னது நான்தான். அப்பவே எனக்குக் கண் சரியில்லை. மேகம் அதுக்கு மேல இருந்திருக்கலாம். ப்ளேன் இறங்கியிருக்கலாம்."

"தம்பி சொன்னான்," என்றார்.

மெழுகுவர்த்தியின் கருகிய திரியைக் கிள்ளிவிட்டார்.

"நிஜமா எவ்வளவு உயரம் இருந்துச்சு?"

"தெரியாதுக்கா. அன்னைக்கு வேற யாரும் பார்க்கல. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "நான் ஜன்னல் பக்கம்தான் உக்காந்திருந்தேன்," என்றார். "ஊருக்கு மேல ஒரு சுத்து சுத்தினோம். எல்லாம் வெள்ளையா இருந்துச்சு. ஒரே ஒரு நிமிஷம் விலகிச்சு. இந்தக் கோயில் கோபுரம் தெரிஞ்சுது. சிலுவை, மணிக்கூண்டு, கீழ நம்ம தெரு ஓடு எல்லாம். அப்பா அந்த ஓட்டுக்குக் கீழதான் இருக்காருன்னு நினைச்சேன். பக்கத்துல இருந்தவர்கிட்டக் காட்டக்கூடச் செஞ்சேன். அப்புறம் திருப்பிட்டாங்க."

மிராண்டா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உலகம்மாள் எழுந்து போய் அந்த அம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். செலின் அம்மாள் அவளைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

வெகு நேரம் கழித்து டீ போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு நீட்டிய டம்ளரை, நான் தடவுவதற்கு முன், என் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எப்போ?"

"நாளைக்கு. மதுரைக்கு."

"பஸ்ஸுல போங்க," என்றார். "இந்த மழையில ப்ளேனை நம்ப முடியாது."

வெளியே வந்து தெருமுனை வரை நடந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை. "உலகு, அவங்க அதைக் குத்தலாவா சொன்னாங்க?"

அவள் குடையை விரித்து என் கையில் கொடுத்துவிட்டு, தேங்கிய தண்ணீருக்கு இந்தப் பக்கமாக என்னை இழுத்தாள்.

"குத்தலாத்தான் சொன்னாங்க," என்றாள். "சொல்லட்டும்."